நரம்புக்கும் கெடு உண்டு

1977, 1978 ஆகிய இரண்டு ஆண்டுகளில், இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் 20-க்கும் மேற்பட்ட இளம் தமிழ்ப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராகக் கால் விழுந்து வைத்தியசாலைக்கு வந்தார்கள். பாதத்தை நிமிர்த்தித் தூக்கி வைக்க முடியவில்லை. கைவிரல்களும் வலுவிழந்தன. காய்ச்சல் பரப்பும் கிருமி எதுவும் அகப்படவில்லை. நோயாளிகளில் பலர் அண்மையில் வயதுக்கு வந்த பிள்ளைகள் என்பதுதான் துப்பாக அமைந்தது.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நரம்பியல் மருத்துவர் நிமால் சேனாநாயக்க இந்த நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்தார். ஆய்வாளர் ஜெயரத்தினத்துடன் சேர்ந்து அவர் எழுதிய அறிக்கை 1981-இல் லான்செட் இதழில் வந்தது. காரணம் நல்லெண்ணெய். வயதுக்கு வந்த பிள்ளைக்கும் பிள்ளை பெற்ற தாய்க்கும் உடம்பு தேறட்டும் என்று நாம் ஊற்றிக் கொடுக்கும் அதே எண்ணெய். அதில் டிரை கிரெசில் பொஸ்பேட் என்ற இரசாயனம் கலந்திருந்தது. இயந்திரங்களுக்குப் போடும் மசகெண்ணெயிலும் பிளாஸ்டிக் தயாரிப்பிலும் பயன்படும் பொருள் அது. கனிய எண்ணெய் வைத்திருந்த கொள்கலன்களில் சமையல் எண்ணெயை ஏற்றி வந்தபோது கலந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. நிறமும் வாசனையும் காட்டிக்கொடுக்காததால் யாருக்கும் ஐயம் எழவில்லை. குடித்த அன்று ஒன்றும் தெரியாது. ஒன்றிலிருந்து மூன்று வாரம் கழித்தே கால் விழும். அதற்குள் போத்தல் காலியாகியிருக்கும்.

இந்த நஞ்சு நம் ஊருக்கு மட்டும் வந்ததல்ல. 1930-இல் அமெரிக்காவில் இஞ்சிச் சாராயத்தில் கலந்து பல்லாயிரம் பேரின் கால்களை முடக்கியது. 1959-இல் மொரொக்கோவில், விமான இயந்திர மசகெண்ணெயைச் சமையல் எண்ணெயோடு கலந்து விற்றதில் சுமார் 10,000 பேர் பாதிக்கப்பட்டார்கள். 1988-இல் கல்கத்தாவின் பெஹாலாவில் கடுகெண்ணெய் வழியாக வந்தது. ஒவ்வொரு தடவையும் பாதிக்கப்பட்டவர்கள் ஏழைகள்; ஒவ்வொரு தடவையும் நஞ்சு வாயும் வயிறும் நம்பும் ஒன்றில் ஒளிந்து வந்தது.

ஆனால் நான் எழுத வந்தது எண்ணெய்க் கலப்படம் பற்றி அல்ல. இந்த நஞ்சு உடம்பில் போகும் போக்கைப் பார்த்தால், நரம்பு எப்படித் திரும்ப வளர்கிறது, யார் அதை வளர்க்கிறார்கள், எதுவரை வளர்க்கிறார்கள் என்பதெல்லாம் தெரியும். அது தெரியாமல் நம் பகுதியில் ஆட்கள் கையையும் காலையும் இழந்துகொண்டிருக்கிறார்கள்.

இந்த நஞ்சு நீளமான நரம்பிழைகளின் நுனியைத் தாக்கும். பாதத்துக்கும் கைக்கும் போகும் இழைகள் நுனியிலிருந்து பின்னோக்கிச் சாகும். மூளையிலிருந்து புறப்பட்டு முண்ணாணுக்குள் இறங்கும் நீண்ட இழைகளும் அப்படியே சாகும். மாதங்கள், ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் காலிலும் கையிலும் உள்ள நரம்புகள் மெல்ல மெல்லத் திரும்ப வளர்ந்திருக்கும். முண்ணாணுக்குள் செத்த இழைகள் வளர்ந்திருக்காது. அப்படிப்பட்டவர்களுக்குப் பாதம் ஓரளவு தூக்க வந்த பிறகும் கால் விறைத்து இழுத்தபடியே இருக்கும். ஒரே நஞ்சு, ஒரே உடம்பு, ஒரே அளவு. ஓரிடத்தில் இழை வளர்கிறது, இன்னோரிடத்தில் வளரவில்லை. பெரிய வித்தியாசம் இழையில் இல்லை; இழையைச் சுற்றியிருக்கும் கலங்களில் இருக்கிறது.

மூளைக்கும் முண்ணாணுக்கும் வெளியே ஓடும் புற நரம்பின் ஒவ்வோர் இழையையும் ஷ்வான் கலங்கள் அணைத்துக்கொண்டிருக்கின்றன. 1839-இல் அவற்றை விவரித்த ஜெர்மானியர் தியடோர் ஷ்வானின் பெயர் அது. வழக்கமான நாட்களில் அவற்றின் வேலை, இழையின் மேல் மயலின் என்ற கொழுப்புறையைச் சுற்றி வைப்பது. அதனால்தான் செய்தி விரைந்து ஓடுகிறது. முண்ணாணிலும் மூளையிலும் அந்த உறையைப் போடுவது வேறொரு கலம், ஒலிகோடென்ட்ரோசைட். உறை போடும் வரை இரண்டும் ஒன்று போலத்தான். அடிபட்ட பிறகுதான் குணம் வேறுபடுகிறது.

1850-இல் ஓகஸ்டஸ் வாலர் தவளையின் நாக்குக்குப் போகும் நரம்பை வெட்டிவிட்டுப் பார்த்தார். வெட்டுக்குக் கீழே இருந்த இழைத் துண்டு முழுவதும் சிதைந்தது. மனிதருக்கும் அப்படியே. மணிக்கட்டில் நரம்பு அறுந்தால், அறுந்த இடம் மட்டுமல்ல, அங்கிருந்து விரல் நுனி வரை உள்ள இழை எல்லாம் சில நாளில் செத்துப்போகும். ஷ்வான் கலங்கள் சாவதில்லை. மயலின் போடும் வேலையை நிறுத்திவிடுகின்றன. தாங்கள் போட்ட உறையைத் தாங்களே தின்று செரிக்கின்றன. இரத்தத்திலிருந்து விழுங்கும் கலங்களை வரவழைத்து மிச்சக் குப்பையை அள்ளச் செய்கின்றன. பெருகுகின்றன, நீள்கின்றன, பழைய குழாய்க்குள் வரிசையாகப் படுத்துக்கொள்கின்றன. அந்த வரிசைக்கு 1891-இல் அதை எழுதிய பியுங்னரின் பெயர். மேலிருந்து வளர்ந்து வரும் புதிய இழைக்கு ஊட்டம் தருவதும் வழி காட்டுவதும் இந்த வரிசைதான். நம் தோட்டங்களில் கிளிசிரியா மரத்தைப் பற்றி மிளகுக்கொடி ஏறுவது போல, இழை இவற்றைப் பற்றிக்கொண்டுதான் கீழே இறங்கும்.

முண்ணாணில் இந்த ஏற்பாடு இல்லை. ஒலிகோடென்ட்ரோசைட் குப்பை அள்ளாது. பழைய மயலின் மாதக்கணக்கில் கிடந்து வளர்ச்சியைத் தடுக்கும்.

ஷ்வான் கலம் உறைபோடும் வேலையை விட்டுச் செப்பனிடும் வேலைக்கு மாறுவது தானாக நடந்துவிடுவதில்லை. இலண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் கிறிஸ்ட்யான் ஜெஸ்ஸனும் ரோனா மிர்ஸ்கியும் நடத்திய ஆய்வுக்குழு 2012-இல் அந்த மாற்றத்தின் சாவியைக் காட்டியது. சி-ஜுன் என்ற புரதம் கலத்துக்குள் எழுந்து, செப்பனிடும் கலமாக மாறும் கட்டளையைக் கொடுக்கிறது. அந்தப் புரதம் இல்லாத எலிகளில் குப்பை அள்ளுவதும் இழை வளர்வதும் சரியாக நடக்கவில்லை.

எச்சரிக்கை இங்கிருந்து தொடங்குகிறது. அந்தக் கட்டளை நிரந்தரமல்ல. புதிய இழை வந்து சேராமல் மாதங்கள் கடந்தால் சி-ஜுன் அளவு இறங்கும். கலங்கள் சுருங்கும், குறையும், ஊட்டம் சுரப்பதை விடும். வயதானால் அது தொடக்கத்திலேயே குறைவாக எழுகிறது என்பது எலிகளில் தெரியவந்திருக்கிறது. கனடாவின் எட்மண்டனில் சூசன் ஃபூவும் டெஸ்ஸா கோர்டனும் 1995-இல் வெளியிட்ட எலிச் சோதனை இதற்குக் கணக்குச் சொன்னது. வெட்டிய நரம்பின் கீழ்ப்பகுதியை உடனே இணைக்காமல் ஆறு மாதத்துக்கு மேல் விட்டுவிட்டு இணைத்தால், உடனே இணைத்தபோது தசையைச் சென்றடைந்த இயக்க இழைகளில் பத்தில் ஒரு பங்குகூடச் சென்றடையவில்லை. மேலிருந்து வரும் இழை பலமாக இருந்தாலும், கீழே காத்திருக்க யாருமில்லை.

மனிதருக்கு இது எவ்வளவு நெருக்கடி என்பதை ஒரு கணக்குப் போட்டாலே தெரியும். நரம்பிழை நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீற்றர் வளரும். மணிக்கட்டிலிருந்து விரல் நுனிக்கு 150 மில்லிமீற்றருக்கு மேல், ஐந்தாறு மாதம். முழங்கையிலிருந்து உள்ளங்கைச் சிறு தசைகளுக்கு 300 மில்லிமீற்றர். பத்து மாதம், ஒரு வருடம். கழுத்தடி நரம்புப் பின்னலிலிருந்து கைக்கு 700 மில்லிமீற்றருக்கும் அதிகம். இரண்டு வருடம் தாண்டும். நரம்பில்லாத தசையோ 12 முதல் 18 மாதத்துக்குள் திரும்ப வராத நிலைக்குப் போய்விடும். மோட்டார் சைக்கிளில் விழுந்து கழுத்தடி நரம்பு பிய்ந்த ஒருவருக்கு விரல் அசைவு திரும்புவது ஏன் அரிது என்று இந்த எண்களே சொல்லும். ஆகவேதான் பிரான்சின் ஒபெர்லின் 1994-இல், கைக்குப் போகும் நல்ல நரம்பிலிருந்து ஒரு சிறு இழைக்கட்டை மட்டும் எடுத்து, முழங்கையை மடக்கும் தசையின் பக்கத்திலேயே இணைக்கும் முறையைக் கொண்டுவந்தார். தூரத்தைக் குறைத்தால் கெடுவுக்குள் போய்ச் சேரலாம். ஆனால் அதையும் முதல் ஆறு மாதத்துக்குள் செய்வதுதான் நல்லது. ஒரு வருடம் கழித்து வருபவருக்குச் செய்யக்கூடியது மிகக் குறைவு.

இங்கே கெடு எப்படிக் கழிகிறது? மூன்று நான்கு வழிகளில்.

முதலாவது, வெட்டுக்காயம். உடைந்த போத்தல், யன்னல் கண்ணாடி, கவ்வாத்துக் கத்தி, புல்வெட்டும் இயந்திரம். மணிக்கட்டின் உட்பக்கத்தில் ஓர் அங்குலம் வெட்டு. இரத்தம் நின்றதும் பயம் போய்விடுகிறது. தோலைத் தைத்து, ஊசி போட்டு அனுப்புகிறார்கள். பத்து நாளில் தையல் பிரிக்கிறார்கள். தழும்பு அழகாக ஆறியிருக்கிறது. விரல் மரத்திருப்பதைக் கேட்டால் “வீக்கம் வற்றினால் சரியாகும்” என்று வீட்டிலும் சொல்வார்கள், வெளியிலும் சொல்வார்கள். தோல் ஆறுவதும் நரம்பு ஆறுவதும் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு காரியங்கள். முற்றாக அறுந்த நரம்பின் இரு முனைகளும் விலகி நிற்கும். இடையில் தழும்பு வளரும். ஷ்வான் கலங்கள் எவ்வளவு முயன்றாலும் தழும்பைத் தாண்டி இழையைக் கூட்டிப்போக அவற்றால் இயலாது. அதை அறுவைச் சிகிச்சை மருத்துவர் உருப்பெருக்கிக் கருவியின் கீழ் தைத்தே ஆக வேண்டும். சுத்தமான வெட்டானால் முதல் சில நாட்களில் செய்வது மேல்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. மருத்துவர்களே குழந்தைகளுக்குச் செய்வதுதான். கையை இளஞ்சூட்டு நீரில் அரைமணி நேரம் வைத்திருங்கள். காயம் ஆறிய பிறகு, சூட்டை மற்றக் கையால் பார்த்த பிறகு. மரத்த கைக்குச் சூடு தெரியாது, வெந்துபோகும். வெளியே எடுத்துப் பாருங்கள். நரம்பு உயிரோடிருக்கும் விரல்களின் நுனி, துணி துவைத்த கை போலச் சுருங்கியிருக்கும். நரம்பு அறுந்த விரலின் நுனி வழுவழுவென்று அப்படியே இருக்கும். அந்த விரலில் வியர்வையும் இராது. தொட்டால் பக்கத்து விரலை விடக் காய்ந்து, வழுக்கும். இன்னொன்று: இரண்டு கைகளின் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலின் பக்கத்துக்கும் இடையில் ஒரு தாளைப் பிடித்து இழுக்கச் சொல்லுங்கள். சுண்டுவிரல் பக்கத்து நரம்பு கெட்ட கையில், தாளை விடாமல் பிடிக்கப் பெருவிரலின் நுனி மூட்டு தானாக மடங்கும். நல்ல கையில் மடங்காது. இந்த இரண்டில் ஒன்று தெரிந்தாலும் அந்த வாரமே போதனா வைத்தியசாலைக்குப் போக வேண்டும். சுருக்கம் வந்துவிட்டது என்பதால் மட்டும் ஐயம் தீர்ந்துவிடாது. மரமரப்பு இருந்தால் போய்க் காட்டத்தான் வேண்டும்.

இரண்டாவது, எலும்பு முறிவு. கண்டிப் பக்கத்தில் முறிவு நெரிவு வைத்தியத்துக்கு நீண்ட மரபு உண்டு, அதில் தேர்ந்தவர்களும் உண்டு. நான் அதைக் குறைத்துப் பேச வரவில்லை. ஆனால் மேற்கை எலும்பு நடுவில் முறியும்போது அதை ஒட்டி ஓடும் நரம்பும் நசுங்கலாம்; மணிக்கட்டு தொங்கிப்போகும். எண்ணெய்க் கட்டு எலும்பைச் சேர்க்கும், நரம்பைப் பார்க்காது. இப்படி நசுங்கிய நரம்புகளில் பெரும்பாலானவை தாமாகவே தேறும் என்பதும் உண்மை. உள்ளே குழாய் அறுபடாமல் இழை மட்டும் செத்திருந்தால், ஷ்வான் கலங்கள் அதே பாதையில் அதே இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். போர்க்காலத்தில் ஆயிரக்கணக்கான நரம்புக் காயங்கள் வந்து குவிந்தபோது, 1943-இல் மருத்துவர் சேடன் இந்த வேறுபாட்டைத்தான் மூன்று தரமாகப் பிரித்தார்: அதிர்ந்தது, இழை அறுந்தது, முழுவதும் அறுந்தது. முதலிரண்டுக்கும் காத்திருக்கலாம். மூன்றாவதற்குக் கூடாது. எது எதுவென்று வெளியிலிருந்து தெரியாது. மூன்று நான்கு வாரத்தில் நரம்பு கடத்துகைச் சோதனை, மாதா மாதம் பரிசோதனை, மூன்று மாதத்தில் அசைவே இல்லையென்றால் திறந்து பார்ப்பதா என்ற முடிவு. கிளினிக் கொப்பியில் தேதியோடு எழுதப்பட்டு நடக்கும் காத்திருப்பு இது. வீட்டில் கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டபடி ஒரு வருடம் கழிவதும் இதுவும் ஒன்றல்ல.

மூன்றாவது, தொழுநோய். அது ஒழிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் படித்தவர்களிலும் உண்டு. 1995-இல் இலங்கை அதைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீக்கியது உண்மை. ஆனாலும் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்ட புதிய நோயாளிகள் இந்தத் தீவில் கண்டுபிடிக்கப்படுகிறார்கள், அவர்களில் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இந்தக் கிருமி குடியிருப்பதே ஷ்வான் கலத்துக்குள். செப்பனிட வேண்டிய கலத்தையே அது பிடித்துக்கொள்கிறது. கலத்தின் மேலுறையில் எதைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைகிறது என்பதை 1990-களின் இறுதியில் அனுர ரம்புக்கன குழுவினர் காட்டினார்கள். 2013-இல் அவர்களே இன்னொன்றையும் காட்டினார்கள்: கிருமி ஷ்வான் கலத்தின் அடையாளத்தையே அழித்து, அதை முதிராத அலையும் கலமாக மாற்றி, தான் பரவ வாகனமாக்கிக்கொள்கிறது. எலிகளிலும் ஆய்வுகூடக் கலங்களிலும் கண்டது அது. தோலில் வெளிறிய, உணர்ச்சியற்ற ஒரு படை. முழங்கையின் பின்னால் தடித்த நரம்பு. வலியே இல்லாமல் மெலியும் கை. மருந்து அரச வைத்தியசாலையில் இலவசம். நரம்பு பலவீனம் தொடங்கி ஆறு மாதத்துக்குள் வந்தால் ஸ்டீரொயிட் மருந்தால் பெரும் பகுதியை மீட்கலாம். வெட்கப்பட்டு ஒளித்து வைத்த மாதங்களை மீட்க மருந்தில்லை. அந்த வெட்கத்தை ஊர் உண்டாக்கியது. விலையைக் கொடுப்பவர் நோயாளி. இது எனக்குப் பொறுக்காத விஷயம்.

பிறகு, நரம்பு ஊசி. கை மரத்தாலும் கால் எரிந்தாலும் பி வைட்டமின் ஊசி ஒன்றைப் போட்டுக்கொண்டு திருப்திப்படுவது நம்மிடம் பெருகிவிட்டது. பி12 குறைவினால் வந்த நோய்க்கு அது மருந்து. அறுந்த நரம்பை அது ஒட்டாது. மிகையான பி6 நரம்பைக் கெடுக்கவே செய்யும்: நாளுக்கு 2 கிராமும் அதற்கு மேலும் தின்றவர்கள் தள்ளாடி நடக்கத் தொடங்கியதை 1983-இல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். நீரிழிவுக்காரர்களுக்கு வேறு கவலை உண்டு. சீனி ஏறிய இரத்தம் ஷ்வான் கலத்தையும் பழுதாக்குகிறது. செப்பனிடும் வேகமும் குறைகிறது. சீனியைக் கட்டுப்படுத்தாமல் போடும் ஊசி, பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் மாதங்களைக் கழிக்க உதவுகிறது.

மரக்கறித் தோட்டக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பேராதனையிலிருந்தே சேனாநாயக்க 1982-இல் ஜோன்சனுடனும், 1987-இல் கரல்லியத்தவுடனும் எழுதிய இரண்டு கட்டுரைகள் பூச்சிக்கொல்லி நஞ்சு பற்றியவை. முதலாவது மெத்தமிடொபொஸ் குடித்துப் பிழைத்தவர்களுக்கு இரண்டு மூன்று வாரம் கழித்துக் கால் விழுந்ததைச் சொன்னது. இரண்டாவது, முதல் நாள் நெருக்கடி தாண்டி, ஒன்றிலிருந்து நான்கு நாளுக்குள் மூச்சுத் தசைகள் திடீரென ஓய்ந்துபோவதை உலகத்துக்கு எடுத்துக்காட்டியது. மெத்தமிடொபொஸ் 1995-இல் இங்கே தடைசெய்யப்பட்டது. ஆனால் அந்த வகைப் பூச்சிக்கொல்லி எதுவானாலும், “பிழைத்துவிட்டான்” என்று வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகும் மூன்று வாரம் பாதத்தையும் விரலையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அறிவியல் புதிதாக எதையும் தராதா என்று கேட்கலாம். தந்துகொண்டிருக்கிறது. நரம்பில் பெரிய இடைவெளி விழுந்தால் கணுக்காலின் பின்புறத்திலிருந்து ஒரு உணர்வு நரம்பை எடுத்து ஒட்டுவது பழைய முறை. வியன்னாவின் மில்லெசி 1970-களில் அதை முறைப்படுத்தினார். அந்த ஒட்டுத்துண்டில் உள்ள இழைகள் எல்லாம் செத்துப்போகும். பயன்படுவது அதனுள் உயிரோடிருக்கும் ஷ்வான் கலங்கள்தான். கலங்களை நீக்கிப் பதப்படுத்திய பிறர் நரம்பு குறுகிய இடைவெளிக்குத்தான் நன்றாக உதவுகிறது, நீளமானால் தோற்கிறது. காரணம் அதேதான். மயாமி பல்கலைக்கழகத்தில் நோயாளியின் சொந்த ஷ்வான் கலங்களை ஆய்வுகூடத்தில் பெருக்கி, இடுப்பிலிருந்து காலுக்கு ஓடும் சியாட்டிக் நரம்பின் பெரிய இடைவெளியில் ஒட்டுத்துண்டோடு சேர்த்து வைத்த முதல் முயற்சி 2016-இல் அறிவிக்கப்பட்டது. மிகச் சிலருக்கே செய்யப்பட்ட ஆய்வு அது. கலங்களைப் பெருக்கவே வாரங்கள் பிடிக்கும், அந்த வாரங்களும் கெடுவில்தான் கழியும். ஆகவே மூலக்கல ஊசியால் நரம்பை வளர்த்துத் தருவதாகப் பணம் கேட்பவர் எவராயினும், இந்த ஆய்வுகள் எட்டாத ஒன்றை விற்கிறார்.

கடைசியாக, பிறந்த குழந்தை. பிரசவத்தில் தோள் சிக்கி, கழுத்தடி நரம்பு இழுபட்டு, ஒரு கை அசையாமல் பிறக்கும் பிள்ளைகள் உண்டு. குழந்தையின் கை சிறியது, இழை போக வேண்டிய தூரமும் குறைவு, பெரும்பாலான பிள்ளைகள் தேறிவிடுகிறார்கள். தேறாதவர்களை அடையாளம் காண மருத்துவர்கள் பார்ப்பது ஒன்றைத்தான்: மூன்று மாதத்தில் பிள்ளை அந்த முழங்கையைத் தானாக மடக்குகிறதா? மடக்கவில்லையென்றால் அடுத்த தடுப்பூசித் தேதி வரட்டும் என்று இராமல், அதே வாரம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். குடும்ப நல மாதுவிடம் சொன்னால் எங்கே அனுப்புவதென்று அவர் எழுதித் தருவார்.